வழக்குரைக்கும் திரை

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குச் செல்லும் பகுதிக்கு வழக்குரை காதை என்று பெயர். அதற்கு முன்னுள்ள துன்ப மாலையிலும் ஊர்சூழ் வரியிலும் அவள் அழுகிறாள், அரற்றுகிறாள், மதுரை மக்கள் அவளைக் கண்டு மனம் கலங்குகின்றனர். அவைக்குள் நுழைந்த பின்னரோ நிலை மாறுகிறது. தான் யார், எந்த ஊரினள், யாருடைய மனைவி, என்ன வழக்கு என்பதை அவள் எடுத்துரைக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சான்று காட்டுகிறாள். அரசியின் சிலம்பிலோ முத்து இருந்தது. அரசனிடம் அவள் இரக்கம் வேண்டவில்லை, நீதி கேட்டாள். இரக்கம் கொடுப்பவனின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமை கேட்பவனுக்கே உடையது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ் மாணவர் எவரும் அக்காதையிலிருந்தே கற்றுக் கொள்ளலாம்.

மனித உரிமையைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களுக்கு வழங்கப்பெறும் விருதுகளை மதிப்பிடுவதற்கும் இவ்வேற்றுமையே தக்க அளவுகோலாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இத்தகைய விருதுகள் இன்று பல நாடுகளில் உள்ளன. பிராகு நகரின் ‘ஒரே உலகம்’ விழா 1999-இல் தொடங்கியது. ஜெனீவாவின் மனித உரிமைத் திரைப்பட விழா 2003-இல் தோன்றியது. அதே 2003-ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் புசாட் கோமாஸ் என்னும் அமைப்பு சுதந்திரத் திரைப்பட விழாவைத் தொடங்கியது. இவை யாரைப் போற்றுகின்றன? துன்புறுவோரைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கும் படங்களையா? அல்லது துன்புற்றவரையே வழக்குரைஞராக அவையில் நிறுத்தும் படங்களையா?

விருது பெற்ற மறதி

விருது ஒரு படத்தைப் போற்றுகிறது. ஆனால் அப்படம் விட்டுவிட்டதையும் அது சேர்த்து மறைத்துவிடக்கூடும். இதற்கு நமக்கு மிக அண்மையான சான்று 1957-இல் டேவிட் லீன் இயக்கிய ‘குவாய் நதிப் பாலம்’. அப்படத்துக்குச் சிறந்த படத்துக்கான விருது உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. சயாம்–பர்மா ரயில் பாதையை உலகம் அறிந்தது பெரிதும் அப்படத்தின் வாயிலாகத்தான். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட அப்பாதையில் போர்க் கைதிகளினும் மிகுதியாக உழைத்தவர், மிகுதியாக மாண்டவர், ஆசியத் தொழிலாளரே. அவருள் பல்லாயிரவர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கொண்டு செல்லப்பட்ட தமிழர்.

அப்படத்தில் பாலத்தைக் கட்டுவோராக நாம் காண்பவர் பிரிட்டிஷ்ப் போர்க் கைதிகளே. பால்மரக் காட்டிலிருந்து போனவனைக் காணோம். படப்பிடிப்பு நடந்த இடமோ இலங்கையின் கித்துல்கல! தமிழ் வழங்கும் தீவொன்றில் எடுக்கப்பட்ட படத்தில் தமிழன் உழைப்புக்கு இடம் கிடைக்கவில்லை. படம் கலை நுணுக்கம் வாய்ந்தது என்பதை மறுப்பாரிலர். எனினும் ஏழு விருதுகளின் ஒளி, அதில் இல்லாதவர்களை இன்னும் ஆழ்ந்த இருளில் தள்ளிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அவ்வெற்றிடத்தை எழுத்தால் நிரப்ப முயன்றன. உலகத் திரையில் அவ்வெற்றிடம் நெடுங்காலம் அப்படியே இருந்தது.

ஆகவே, மனித உரிமை விருது என்று ஒன்று தனியாக எதற்கு என்று கேட்பார்க்கு நாம் கூறும் விடை இதுதான். மற்ற விருதுகள் படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்கின்றன. இவ்விருது, அதில் யார் பேசுகிறார், யார் பேச விடப்படவில்லை என்று கேட்க வேண்டும். கேட்கத் தவறினால் அதற்குத் தனிப்பெயர் தேவையில்லை.

கோவலன் வழிவந்தோர்

இக்கேள்விக்கு நேரான விடை தந்த தமிழ்ப் படம் வெற்றிமாறனின் ‘விசாரணை’. 2015-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அது அனைத்துலக மன்னிப்பு அவையின் இத்தாலியக் கிளை வழங்கும் விருதைப் பெற்றது. அதே ஆண்டுக்கான இந்திய தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகவும் தேர்வு பெற்றது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், ஆந்திர மாநிலத்தின் குண்டூரில் தாம் காவலில் பட்ட துன்பத்தை எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலே அப்படத்துக்கு மூலம். வழக்குரைத்தவர் வழக்கறிஞரல்லர், எழுத்தைத் தொழிலாகக் கொண்டவருமல்லர். அடிபட்டவரே எழுதினார் என்பதை நாம் முதலில் கருத்திற் கொள்ள வேண்டும்.

பிழைப்புத் தேடிக் குண்டூருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலர், செல்வர் வீட்டுத் திருட்டொன்றை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர். வேற்றூருக்குப் பிழைக்கச் சென்றவன் மீது திருட்டுப் பழி, ஆராயாத அதிகாரம், தண்டனை. கோவலன் கதையின் எலும்புக்கூடு இதில் அப்படியே இருக்கிறது. படத்தின் பெயர் விசாரணை. உண்மையான விசாரணை ஒன்று அதில் நடைபெறவே இல்லை என்பதுதான் அப்பெயரின் கூர்மை.

அடியும் உதையும் நிறைந்த காட்சிகளைப் பலர் பாராட்டினர். பலர் தாங்கொணாது முகம் திருப்பினர். என் மதிப்பீட்டில் படத்தின் உயிர்நிலை அக்காட்சிகளில் இல்லை. நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது. தொழிலாளர்க்குத் தெலுங்கு வாராது. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. தற்செயலாக அங்கு வந்திருக்கும் தமிழ்நாட்டுக் காவல் ஆய்வாளர் முத்துவேல் அவர்களுக்காகப் பேசுகிறார், விடுதலை கிடைக்கிறது. பார்ப்பவர் நெஞ்சு ஆறுதலடைகிறது. ஆனால் கூர்ந்து நோக்கினால், அவர்களைக் காத்தது சட்டமன்று. ஒரு மனிதரின் இரக்கம். அவர் அன்று வாராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படத்தின் பிற்பகுதி இவ்வினாவுக்குக் கொடிய விடை தருகிறது. அதே ஆய்வாளர் பொருட்டு அவர்கள் வேறொரு குற்றத்துக்குத் துணைபோகின்றனர். சென்னைக் காவல் நிலையத்தில் கேட்கக்கூடாததைக் கேட்கின்றனர், அதனால் கொல்லப்படுகின்றனர். முத்துவேலின் இரக்கம் மேலதிகாரிகளின் முன் செல்லாக் காசாகிறது. இறுதியில் அவரும் கொல்லப்படுகிறார். இரக்கத்தால் பெற்ற விடுதலை, இரக்கம் வலுவிழந்தவுடன் பறிபோகிறது. பிற்பகுதி விறுவிறுப்புப் படங்களின் போக்கை ஒட்டிச் செல்கிறது என்னும் குறை கூறத்தக்கதே. எனினும் உரிமையின் இடத்தை இரக்கம் நிரப்ப முடியாது என்னும் உண்மையைக் கதையின் அமைப்பிலேயே காட்டியதால், அப்படம் அவ்விருதுக்கு முற்றிலும் தகுதியுடையதாகிறது.

இது பிற நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2009 ஜனவரியில் சிலாங்கூரில் காவலில் இருந்த தமிழ் இளைஞர் ஒருவர் இறந்தார். 2013-இல் உயர்நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெற்றுத் தந்தது யாருடைய இரக்கமும் அன்று. அவ்விளைஞரின் தாய் தொடுத்த வழக்கே.

நம் நாட்டு மேடை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் 1948 டிசம்பர் 10-ஆம் நாள் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. உலகம் உரிமைகளை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், இங்கு விசாரணையின்றித் தடுத்து வைக்கும் விதிகள் எழுதப்பட்டன. தொழிற்சங்கங்கள் முடங்கின. தோட்டத்து லயங்கள் வேலிக்குள் வந்தன. 1946-இல் அமைந்த மலாயா திரைப்படப் பிரிவின் படங்கள் தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டப்பட்டன. தொழிலாளிக்குத் திரை அறிவுரை கூறியது. அவன் கூறுவதைத் திரை கேட்கவில்லை.

அவ்வழக்கத்தைத் திருப்பிப் போட்டதே சுதந்திரத் திரைப்பட விழாவின் சிறப்பு. முடிந்த படத்துக்கு மாலையிடுவதோடு அது நிற்கவில்லை; தேர்வு பெறும் கதைத் திட்டங்களுக்கு நிதியளித்துப் படம் எடுக்கவும் துணைநின்றது. படப்பிடிப்புக் கருவி கையிலில்லாதவனும் சாட்சி சொல்லலாம் என்று ஆயிற்று.

2007-இல் அவ்விழாவின் தலைசிறந்த மனித உரிமைப் படத்துக்கான விருதை ஃபாமி ரேசாவின் ‘மெர்டேக்காவுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்’ என்னும் ஆவணப்படம் பெற்றது. 1947 அக்டோபர் 20-ஆம் நாள் மலாயா முழுவதும் நடந்த ஹர்த்தாலை அப்படம் கூறுகிறது. அரசியலமைப்பை மக்களே எழுதுவோம் என்று கூறிப் புத்ரா, அனைத்து மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றம் ஆகிய இரு கூட்டணிகளும் மக்கள் அரசியலமைப்புத் திட்டத்தை முன்வைத்த காலம் அது. புத்ராவின் தலைமைக் கட்சியான மலாய் தேசியக் கட்சி 1945-இல் பிறந்தது நம் ஈப்போவில். மற்றைக் கூட்டணியில் ஜான் தீவியின் தலைமையிலிருந்த மலாயா இந்தியக் காங்கிரசும் இடம்பெற்றிருந்தது.

இப்படத்தில் அழுகை இல்லை. முதியோர் சிலர் தாம் கேட்டது என்ன, ஏன் கேட்டோம் என்று அமைதியாக எடுத்துரைக்கின்றனர். மலாயாவைத் தாயகமாகக் கொண்ட அனைவர்க்கும் குடியுரிமை என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. குடியுரிமைச் சான்று இல்லாமல் 1969-க்குப் பின் வேலை அனுமதி மறுக்கப்பட்டுத் தமிழகத்துக்குக் கப்பலேறிய தோட்டக் குடும்பங்களை நினைப்போர்க்கு, அக்கோரிக்கையின் எடை விளங்கும். உரிமை கேட்டு நின்ற மக்களை உரிமை கேட்டு நின்றவராகவே காட்டியது அப்படத்தின் பெருமை. அதைத் தேர்ந்தது விருதின் பெருமை.

சாட்சியே கூண்டில்

ஆயின், விருது வழங்கும் உரிமை இருந்தாலும் படத்தைக் காட்டும் உரிமை இல்லாவிட்டால் என்ன பயன்? கேலம் மெக்ரே இயக்கிய ‘போர் தவிர்ப்பு வலயம்’ என்னும் ஆவணப்படம், 2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் ஈழத்தமிழ்ப் பொதுமக்கள் மாண்டதைக் காட்டுவது. எறிகுண்டுகளுக்கு இடையில் நின்ற தமிழரே எடுத்த காட்சிகளும், வென்ற படையினர் தம் களிப்புக்காக எடுத்துக்கொண்ட காட்சிகளும் அதில் சான்றுகளாகின்றன. 2013-இல் அது ஜெனீவாவில் காட்டப்பட்டது. 2014-இல் அனைத்துலக எம்மி விருதுக்கு முன்மொழியப்பட்டது.

அதே படத்தைப் புசாட் கோமாஸ் 2013 ஜூலை 3-ஆம் நாள் கோலாலம்பூரில் சீன அசெம்பிளி மண்டபத்தில் திரையிட்டது. அமைப்பின் திட்ட ஒருங்கிணைப்பாளர் லீனா ஹென்றி மீது 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்கீழ், தணிக்கைக்கு உட்படாத படத்தைக் காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2016 மார்ச்சில் அவர் விடுவிக்கப்பட்டார். அரசுத்தரப்பு மேல்முறையீடு செய்தது. 2017 பிப்ரவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. மார்ச்சில் பத்தாயிரம் ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது.

ஒரே படம் ஒரு நாட்டில் விருதுக்குரியது. மற்றொரு நாட்டில் தண்டத்துக்குரியது. ஈழத்தமிழரின் சாவை அவருடைய உறவுமுறையினர் வாழும் நாட்டில் காட்டியவர் கூண்டேறினார். அவரோ தமிழ் இலக்கிய மேடைகளில் நாம் அறிந்த பெயரும் அல்லர். நம் சார்பில் நாம் செய்யாததைப் பிறர் செய்து தண்டனையும் பெற்றனர் என்பதை இங்கு நாணத்தோடு ஒப்புக்கொள்வதே முறை. இதிலிருந்து நாம் கற்பது ஒன்று. மனித உரிமை விருதின் மதிப்பு அதன் பணத்திலோ பட்டயத்திலோ இல்லை. அதை வழங்குவோர் எதை இழக்கத் துணிந்தனர் என்பதில் அம்மதிப்பு அடங்கியுள்ளது.

எம்மொழியில் வழக்குரைப்பது?

அவையில் பேசும் உரிமையோடு எம்மொழியில் பேசுவது என்னும் வினாவும் வருகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப் படம் 2015 டிசம்பரில் வெளிவந்தது. கெட்டவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல், தமிழர் நாவில் திரிந்து அப்படத்துக்குப் பெயராயிற்று. தோட்டத்தை இழந்து நகர்ப்புறத்துப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தில் வளரும் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை அது. கற்பனை வளம் மிக்க அச்சிறுவனைத் தந்தையின் கண்டிப்பும் பள்ளியின் கண்டிப்பும் ஒடுக்குகின்றன; குண்டர் உலகம் அவனை அழைக்கிறது.

2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் விதிகள், எழுபது விழுக்காட்டுக்குக் குறைவாக மலாய் மொழி பேசும் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கின. ‘ஜகாட்’ அப்பிரிவில் வைக்கப்பட்டது. கலைஞர் பலர், மலாய்க் கலைஞரும் உட்பட, இதனை எதிர்த்தனர். மூத்த மலாய் ஒளிப்பதிவாளர் ஒருவர் தாம் முன்னர் பெற்ற விருதுகளைத் திருப்பியளித்தார். விதி மாற்றப்பட்டு, எம்மொழிப் படமும் போட்டியிடத்தக்க சிறந்த மலேசியப் படப் பிரிவு அமைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவ்விருதைத் தமிழ்ப் படமான ‘ஜகாட்’ பெற்றது.

அவ்விழா மனித உரிமைப் படங்களுக்கான விழா அன்று. ஆனால் அங்கு நடந்த போராட்டம் மனித உரிமைப் போராட்டமே. தமிழ்ப் படத்துக்கு இரக்கப்பட்டுத் தனியாக ஒரு பரிசு கொடுப்பது வேறு. எல்லாப் படங்களோடும் ஒரே தட்டில் நிறுத்தி எடைபோடுவது வேறு. முன்னது சலுகை, பின்னது உரிமை.

படத்தைப் பற்றியும் ஆசிரியர்க்கு ஒரு சொல். ‘ஜகாட்’ அரசாங்கத்தை மட்டும் குற்றம் சாட்டவில்லை. தமிழ்ப் பள்ளியின் பிரம்பையும் தமிழ்த் தந்தையின் கையையும் காட்டுகிறது. தன் இனத்தின் துன்பத்தைக் கூறும் படைப்பு, தன் இனத்தின் தவற்றையும் கூறும்போதுதான் சாட்சியாகிறது. இல்லையேல் முறையீடாகச் சுருங்கிவிடுகிறது. அப்போயின் வகுப்பில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாமல் அப்படத்தைப் பார்த்து முடிக்க முடியாது.

இன்றைய லயத்தில் யார்?

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பேராக்கின் தோட்டக் கதை தொடங்குகிறது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நின்றது. 1938-இல் இந்திய அரசின் தடையால் கங்காணிமுறை ஆள்சேர்ப்பும் முடிந்தது. பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. வீட்டு மனைகள் வந்தன. காலைப் பெரட்டுக்கு மணியடித்த இடங்களில் இன்று தமிழ்க்குரல் அரிதாகிவிட்டது. கோயிலும் பள்ளியும் எஞ்சிய இடங்கள் சில. அவையும் எஞ்சாத இடங்கள் பல. பால்வாளியைக் காண்டாவில் தூக்கியவர்களுள் இன்று உயிரோடிருப்போர் முதுமையடைந்துவிட்டனர். அவர் வாக்குமூலம் பதிவாகாவிடின், இன்னொரு ‘குவாய் நதிப் பாலம்’ நம்மைப் பற்றியும் எடுக்கப்படலாம். அதிலும் நாம் இல்லாதிருக்கலாம்.

ஆனால் இந்த இடத்தில் நாம் நிறுத்திக்கொண்டால் நம் அளவுகோல் நமக்கு மட்டுமே உரியதாகிவிடும். இன்று செம்பனைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பான்மையர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர். ஊர் புதிது, மொழி புதிது, கடன்பட்டு வந்தவர் பலர். குண்டூரில் அத்தமிழ்த் தொழிலாளர் நின்ற நிலையில்தான் அவர் இங்கு நிற்கின்றனர். ‘விசாரணை’யைப் பார்த்துக் கண்ணீர் வடித்த நாம், அவ்வெளிநாட்டுத் தொழிலாளியைக் கடைத்தெருவில் காணும்போது யாராக இருக்கிறோம்? அத்தொழிலாளர்க்கு உறவாகவா? ஆராயாமல் தண்டித்த பாண்டியன் பக்கமாகவா? தமிழன் துன்பத்துக்கு மட்டும் கலங்கும் உள்ளம் இனப்பற்றுடையது எனலாம். மனித உரிமை உணர்வுடையது எனல் இயலாது. நாளை அத்தொழிலாளியின் கதையைக் கூறும் படத்துக்கு விருது கிடைத்தால், அவ்வரங்கில் முதலிற் கைதட்ட வேண்டியவர் கங்காணியின் கப்பலில் வந்தவரின் பேரப்பிள்ளைகளே.

இத்தகைய விருதுகளால் துன்பமே ஒரு விற்பனைப் பொருளாகிவிடும், விருது நோக்கிப் படம் எடுப்போர் பெருகுவர் என்று ஐயுறுவோர் உளர். அவ்வையம் பொருளற்றதன்று. அடிபட்ட முதுகை அண்மைக் காட்சியில் நெடுநேரம் காட்டி, அடிபட்டவனுக்கு ஒரு சொல்லும் கொடாத படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இதற்கு மருந்து விருதை ஒழிப்பதன்று. பார்ப்பவனின் மதிப்பீட்டைக் கூர்மையாக்குவதே. அப்பணி தமிழாசிரியருடையது. செய்யுளை ஆராய்வதற்கு நாம் மாணவர்க்குக் கொடுக்கும் பயிற்சியைத் திரைக்கும் கொடுப்போம். இப்படத்தில் துன்புற்றவன் தன் வாயால் பேசுகிறானா? அவன் துன்பத்துக்குக் காரணம் விதியென்று விடப்படுகிறதா, அன்றி முடிவெடுத்த மனிதரும் சட்டமும் காட்டப்படுகின்றனவா? படம் முடியும்போது நமக்கு அவன்மேல் இரக்கம் மட்டும் மிஞ்சுகிறதா, அவனுக்கு நாம் கடமைப்பட்டவர் என்னும் உணர்வும் மிஞ்சுகிறதா? இம்மூன்று வினாக்களையும் பதினைந்து வயது மாணவனும் கேட்கலாம்.

அடுத்ததாக, அவன் கையில் இருக்கும் கைப்பேசியே ஒரு படப்பிடிப்புக் கருவி. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் உள்ள பள்ளி மாணவர், தம் பாட்டியின் அருகில் அமர்ந்து அவர் வெட்டிய மரவரிசையையும், அவர் வாங்கிய கூலியையும், லயத்தை விட்டு வெளியேறிய நாளையும் கேட்டுப் பதிவு செய்யட்டும். அப்பதிவுகளுள் ஒன்றேனும் ஒருநாள் விருது மேடை ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஏறாவிட்டாலும் அது சான்றாக நிற்கும். கண்ணகி கையிலிருந்த சிலம்பும் எவரும் பரிசளித்த பொருளன்று. அதை உடைத்துக் காட்ட அவள் துணிந்தமையால்தான் உள்ளிருந்த மாணிக்கம் அவைக்குத் தெரிந்தது.